முதுகுக்கு அளவெடுக்க ஆளில்லை

தங்கைக்குப் பிறவியிலேயே ஒரு காது கேட்காது. பத்தாம் வகுப்புக் கணக்கு இரண்டு தரம் காலை வாரியது. “செவிட்டுக்கு எதுக்குப் படிப்பு?” என்று அப்பா புத்தகப் பையை ஒளித்து வைத்தார். அத்தனையையும் தாண்டி மருத்துவமனையில் மனநல ஆலோசகர் நாற்காலியைப் பிடித்தாள். தையல்கடை அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஜாக்கெட் தைக்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்தாள்.

ஒன்றுதான் அக்காவுக்கு விளங்கவில்லை. வியாழக்கிழமைதோறும் தங்கை தன் மேற்பார்வையாளர் முன்னால் போய் உட்கார்ந்து, ஆலோசனைக்கு வந்தவர்களைப் பற்றிப் பேசுவாள்.

“ஊர் அழுகையக் கேக்கறவ அழுகையக் கேக்க இன்னொரு ஆளா? நல்ல கூத்துடி!”

“அழறதுக்கு இல்லக்கா. நான் எங்க சறுக்கறேன்னு எனக்கே தெரியாது. உன் முதுகுக்கு நீயே அளவெடுப்பியா?”

அந்த மேற்பார்வையாளருக்குக் ‘கண்கொத்தி’ என்று பட்டப்பெயர். பேச்செல்லாம் முடிந்து தங்கை எழுந்ததும், வாசலில் மறித்துக் கேட்பார்: “இன்னைக்கு யாரைப் பத்திப் பேசாம மறைச்சே?”

கண்கொத்தி ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. “நீங்கதான் பழம் தின்னு கொட்டை போட்டவங்களாச்சே, உங்களுக்கு எதுக்கு?” என்றார் நிர்வாகி.

அந்த மழைக்காலத்தில் ஒரு அம்மாள் ஆலோசனைக்கு வந்தாள். உட்காரும்போதே, “ஏண்டி இப்படி இளைச்சிருக்கே?” என்று அதட்டுவாள். செத்துப்போன அம்மாவே எதிரில் வந்து உட்கார்ந்தது போலிருந்தது தங்கைக்கு. ‘சாகணும்னு தோணுதா?’ என்று யாரிடமும் தவறாமல் கேட்பவளுக்கு, இவளிடம் மட்டும் நாக்கு எழவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினாள். ஒரு வாரம் அம்மாளுக்குப் பதில் மகன் வந்தான். அம்மா தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டாள் என்றான்.

தங்கை தையல்கடை வெட்டுமேசையில் சாய்ந்து நின்றாள். போனவளின் பெயரைச் சொல்லவில்லை, சொல்லக் கூடாது.

“கண்கொத்தி இருந்திருந்தா வாசல்லயே பிடிச்சிருப்பாங்கக்கா.”

“நான் இருக்கேன்டி. எங்கிட்ட சொல்லு.”

“நீ என் பக்கமே பேசுவேக்கா.”

அது நிஜம்தான் என்று அக்காவுக்கும் தெரியும்.

வேலையை விடுகிறேன் என்று சொல்லத்தான் தங்கை போனாள். நிர்வாகியின் அறையில் புதிதாகச் சேர்ந்த பெண்ணொருத்தி நின்றாள்.

“இனி இவங்களுக்கு நீங்கதான் மேற்பார்வை.”

“எனக்கு யாரு?”

“இருக்கறது நீங்க ஒருத்தர்தான். நீங்களும் மாட்டேன்னா இவங்க தனியாத்தான் பாக்கணும்.”

புதுப்பெண் பேனாவை நீட்டினாள். வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள். தங்கைக்கு மேலே யாரும் இல்லை, வரப்போவதும் இல்லை. மேற்பார்வையாளர் என்ற இடத்தில் அவள் முதன்முதலாகக் கையெழுத்திட்டது 2015 பிப்ரவரி 19, வியாழக்கிழமை.