உயிரோடிருந்த வாப்பாவுக்குப் பதிலாக

எங்கள் கிழக்குக் கரையில், முஸ்லிம்களின் கலியாண வழக்குகளைத் தீர்க்கும் காதியாக நான் இருந்த ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் அநியாயம் செய்த மனிதர் அங்கே இன்னும் கடை வைத்திருக்கிறார். மறுபடியும் ஊர் அவரைத் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

பிரதான வீதியில் அவருக்குப் பல் கட்டும் கடை. தகப்பன் சீனாவிலிருந்து வந்து, சைக்கிளில் துணி மூட்டை கட்டி விற்றவர். மகன் பல் கட்டும் தொழிலைப் பழகி, கலிமா சொல்லி முஸ்லிமாகி, எங்கள் ஊர்ப் பெண்ணை முடித்து அவள் வீட்டில் குடியேறினார். எங்கள் பக்கத்தில் எல்லா மாப்பிள்ளைகளும் பெண் வீட்டுக்குத்தான் போவார்கள். காரைதீவிலிருந்தும் மருதமுனையிலிருந்தும் ஆட்கள் அவரிடம் பல்லுக்கு வருவார்கள். என் வாயில் இருப்பதும் அவர் கட்டியதுதான்.

அவருடைய மூத்த மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்தது. எங்கள் வழக்கத்தில் மணமகள் தானாகத் தன்னைக் கொடுக்க முடியாது. அவள் சார்பில் வொலி என்று ஒருவர் வாக்குக் கொடுக்க வேண்டும். வொலியாகும் முதல் உரிமை வாப்பாவுக்கு. ஆனால் அவர் முஸ்லிமாக இருக்க வேண்டும். காவின் என்ற கலியாணப் பதிவை எழுதும் பதிவாளர் அவருடைய அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் பார்த்தார். சீனப் பெயர். இனம், சீனர். இவரை வொலி என்று எழுத எனக்குப் பயமாக இருக்கிறது, காதியிடம் போங்கள் என்று அனுப்பிவிட்டார்.

நான் ஆசிரியத் தொழிலுக்கு வருவதற்கு முன் கொழும்பில் இரண்டு வருடம் சட்டம் படித்தவன். மலாய்க் கரையில் ஆங்கிலேயர் ஆண்ட துறைமுகங்களில் குடியேறிய சீனர்களின் வழக்குகளை அப்போது வாசித்திருக்கிறேன். சீன வியாபாரி ஒருவர் இறந்துபோனால், அவருடைய மனைவி மனைவிதானா, எந்தப் பிள்ளை பிள்ளை என்று இங்கிலாந்திலிருந்து வந்த நீதிபதி தீர்மானிப்பார். சீனர் வழக்கம் செல்லுமா, இங்கிலாந்துச் சட்டம் செல்லுமா என்று பக்கம் பக்கமாக ஆராய்வார். இறந்தவருடன் படுத்து எழும்பி, அவருக்குச் சோறு போட்டவள் வெளியே காத்து நிற்பாள். அதை வாசித்து நாங்கள் விடுதியில் சிரித்தோம். எனக்கு ஒரு சீனர் வாய்த்தபோது நானும் அந்த நீதிபதி செய்ததையே செய்தேன்.

காதி நீதிமன்றத்துக்குத் தனிக் கட்டடம் இல்லை. சனிக்கிழமையில் ஒரு பாடசாலை வகுப்பறை. சின்னப் பிள்ளைகளின் வாங்கில் முழங்கால் இடிக்க அவர் உட்கார்ந்திருந்தார். சாட்சி கேட்டேன். அவருக்குக் கலிமா சொல்லிக்கொடுத்து நிக்காஹ் ஓதிய லெவ்வையையும், அந்தக் கடற்கரைப் பள்ளிவாசலையும் சுனாமி கொண்டுபோய்விட்டது. யுத்தப் பிரச்சினைக் காலத்தில் நடந்த கலியாணம்; பதியவும் இல்லை.

எங்கள் பள்ளிவாசல்களில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்காயர் உண்டு. குடி என்ற வம்சம் தாய்வழியில் வருவது. குடிக்காரருக்கு ஏதும் வந்தால் மரைக்காயர் எழும்பிப் பேசுவார். இவருக்கு ஊரில் தாயும் இல்லை, குடியும் இல்லை. மனைவியின் குடி மரைக்காயரை அழைத்துக் கேட்டேன். எங்கள் குடிப் பெண்ணைக் கட்டியவர், அதற்காக எங்கள் குடிக்காரர் ஆகமாட்டார் என்று சொல்லி நழுவிவிட்டார்.

சிக்கலைச் சுலபமாக அவிழ்க்கிறேன் என்று எனக்கு நினைப்பு. இந்த வகுப்பறையிலேயே, இரண்டு பேர் முன்னால், ஒருமுறை கலிமாவைச் சொல்லுங்கள், விசயம் முடிந்தது என்றேன்.

அவர் எழும்பி நின்றார். "காதியார், இண்டைக்கு நான் புதுசாக் கலிமா சொன்னா, நேத்து வரைக்கும் என்ட பொண்டாட்டி எனக்கு ஆரு? என்ட மகள் ஆரு?"

அவர் விடவில்லை.

"பள்ளியில ஒரே சப்புல உங்கட தோளோட தோள் முட்டித் தொழுதிருக்கன். சாட்சிய என்னத்துக்கு வெளிய தேடுறீங்க? நான் கட்டின பல்லால கடிச்சிக் கடிச்சித்தானே சொல்றீங்க, நான் சீனன் எண்டு."

வகுப்பறை முழுக்கச் சிரித்தது. நீதிபதி தானே சாட்சியாக முடியாது என்று சட்டம் பேசினேன். ஊரறிந்த வாழ்க்கையே சாட்சி என்று எழுத எனக்கு அதிகாரம் இருந்தது. எழுதவில்லை. முந்திய ஒரு தீர்ப்புக்காக என்மேல் மேலிடத்துக்கு முறைப்பாடு போயிருந்தது. இன்னொன்று போனால் பதவி போகும் என்ற பயம். அந்தச் சிரிப்பும் உறுத்தியது. தகப்பன் முஸ்லிம் என்பது நிரூபிக்கப்படவில்லை, வேறு வொலி இல்லாதபடியால் காதியே வொலி என்று எழுதிக் கையொப்பம் போட்டேன்.

நிக்காஹ் அன்று சம்மதம் கேட்க, இரண்டு சாட்சிகளோடு மணமகளின் அறைக்குப் போனேன். பெண் பேசாமல் இருந்தாலே சம்மதம் என்று எடுப்பது வழக்கம். அவள் பேசினாள்.

"வாப்பா இரிக்கக்குள்ள நீங்க ஏன் கேக்குறீங்க?"

பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். உம்மா வந்து, ஆட்கள் காத்திருக்கிறார்கள் மகள் என்று மெதுவாகச் சொன்ன பிறகுதான் "ஓம்" என்றாள். அது எனக்குச் சொன்னதல்ல. வெளியே பந்தலில் அவளுடைய வாப்பா, கூலிக்கு வந்தவர் போல, வந்தவர்களுக்குச் சர்பத் கொடுத்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, என் பொறுப்பிலுள்ள பெண்ணை உமக்கு நிக்காஹ் செய்து தந்தேன் என்று நான் சொன்னேன். என் பொறுப்பில் அவள் ஒரு நாளும் இருந்ததில்லை.

இப்போது இளைய மகளுக்குக் கலியாணம் பேசியிருக்கிறார்கள். நான் பதவியில் இல்லை. பதிவாளர் இந்த முறையும் புதிய காதியிடம் அனுப்பினார். புதிய காதி என் பழைய தீர்ப்பை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு காதி தீர்த்ததை இன்னொரு காதி எப்படி மாற்றுவது என்று இழுத்தார். கேள்விப்பட்டதும், யாரும் அழைக்காமலே சாட்சி சொல்லப் போனேன். அதே வகுப்பறை.

இவர் முஸ்லிம், இவரோடு வருடக்கணக்காகத் தொழுதிருக்கிறேன் என்றேன்.

"அப்ப ஏன் சேர் இப்பிடி எழுதினீங்க?" என்று புதிய காதி கேட்டார். என்னிடம் படித்த பிள்ளை. குரலில் மரியாதை குறையவில்லை.

"பயத்துல. அவர் சபைய என்னப் பார்த்துச் சிரிக்க வெச்சிட்டார் எண்ட கோவத்துல."

வழக்குப் பதிவை எழுதுகிறவர் பேனையை நிறுத்திவிட்டு, இதையும் எழுதவா என்று பார்த்தார். எழுதச் சொன்னேன். காதி, தகப்பனே வொலி என்று தீர்த்தார். தீர்ப்பு ஒரு பக்கமும் வரவில்லை. இதை நானே எழுதியிருக்கலாம்.

அதோடு மூத்த மகளின் பதிவையும் திருத்தலாமா என்று கேட்டேன். அந்தக் கலியாணம் செல்லுபடியாகும், சட்டப்படி பிழை ஒன்றும் இல்லை, திருத்த வழியில்லை என்றார். பிழையில்லாத அந்தத் தாளைத் திருத்தித் தரக்கூடிய அரசாங்கக் கந்தோர் எங்கேயும் இல்லை. மாவட்டக் கச்சேரி வரை போய்ப் பார்த்துவிட்டேன்.

வகுப்பறைக்கு வெளியே அவர் சைக்கிளை எடுத்தார். ஸலாம் சொன்னேன். பதில் சொன்னார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"சின்னவட காரியம் சரி, காதியார்," என்றார். "மூத்தவட காவின்ல வாப்பாட எடத்துல நீங்கதான் இரிக்கிறீங்க. அவள்ட்டப் போய்க் கதைங்க."

அவள் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். நான் இன்னும் போகவில்லை.