நடிகையின் பெயரை வெட்டியவர்

கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் கோடியிலிருந்த படச்சட்டக் கடையில் நான் இரண்டு வருடம் வேலை செய்தேன். கலியாணப் படங்களும் சாமிப் படங்களும்தான் அதிகம் வரும். முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணை என்று கூப்பிடுவேன்.

ஒரு நாள் பக்கத்து வோபர்னிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தார். நாடகங்களுக்கு உடுப்புத் தைத்து ஓய்வு பெற்றவர். இரண்டு மட்டைகளுக்கு நடுவில் ஒரு படத்தை வைத்து, நெஞ்சோடு அணைத்தபடி பஸ்ஸில் வந்திருந்தார். செம்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த படம். இருநூறு வருடத்துக்கு முந்திய லண்டன் நடிகை ஒருத்தி ராணி வேடத்தில், கையில் குத்துவாளோடு நின்றாள்.

“அப்போது போட்டோ கிடையாது. மேடையில் பார்த்து மயங்கியவர்கள் இதைத்தான் வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டார்கள்” என்றார். இந்த ராணியின் சட்டைக் கையைப் பார்த்துத்தான் ஒரு முறை நாடகத்துக்கு உடுப்புத் தைத்தாராம்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். கன்னத்தின் நிழல் முழுவதும் ஊசிமுனைப் புள்ளிகள். படத்துக்குக் கீழே நடிகையின் பெயர், அவள் போட்ட வேடம், ஒரு மூலையில் ஓவியரின் பெயர், மறு மூலையில் செதுக்கியவரின் பெயர். ஓடர் துண்டில் ‘ஓரம் வெட்டக் கூடாது’ என்று எழுதிக் கோடும் போட்டேன்.

அடுத்த கிழமை இரண்டு நாள் லீவு முடிந்து போனால், படம் சட்டத்துக்குள் இருந்தது. எழுத்தைக் காணவில்லை.

“அண்ணை, கீழ இருந்த எழுத்தெல்லாம் எங்க?”

“ரெடியாக் கிடந்த பிரேம் கொஞ்சம் சின்னன். வெட்டிப்போட்டன்.”

“வெட்ட வேண்டாமெண்டு எழுதி வைச்சனான் எல்லே?”

“உது வெறும் ஓரம்தானே, தங்கச்சி. முகம் வடிவா இருக்கு. ஆர் உதை வாசிக்கப் போகினம்?”

 நான் பதில் சொல்லுமுன் அந்த அம்மாவே கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். படத்தைக் கையில் வாங்கியவர் கண்ணாடியின் கீழ் விளிம்பைப் பெருவிரலால் தடவினார்.

அண்ணை என்னைக் காட்டி ஆங்கிலத்தில் சொன்னார்: “புதுப் பிள்ளை. தெரியாமல் வெட்டிவிட்டாள்.”

இரண்டு வருடப் புதுப் பிள்ளை. நான் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். “இப்போது இவள் வாளோடு நிற்கும் யாரோ ஒருத்தி” என்று சொல்லிவிட்டு அந்த அம்மா படத்தோடு போய்விட்டார்.

அண்ணை சாப்பிடப் போன நேரம் பின்னாலிருந்த கழிவுக் கடதாசிப் பெட்டியைத் தரையில் கவிழ்த்தேன். அடியில் கிடந்தது பெயர்கள் இருந்த அந்த ஓரம், இரண்டாகக் கிழிந்து. வேலை முடிந்ததும் ஓடர் துண்டிலிருந்த விலாசத்தைப் பார்த்து வோபர்னுக்கு பஸ் ஏறினேன்.

அவர் கதவைத் திறந்ததும் துண்டுகளை நீட்டினேன். “இதை நான் வெட்டவில்லை” என்றேன்.

“தெரியும். வெட்டக் கூடாது என்று எழுதி வைத்தவளே நீதான். அவர் பேசும்போது நீ நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாய். ஏன் அங்கேயே சொல்லவில்லை?”

 அவர் என்னை உள்ளே வரச் சொல்லவில்லை. பின்பக்கம் மெல்லிய தாள் வைத்து ஒட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் வெட்டிய கோடு தெரியும் என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மேலேயே எனக்கு ஆத்திரம் பொங்கியது.

மறுநாள் காலை அண்ணையிடம் சொன்னேன். “நான் வெட்டேல்லை எண்டு அவவிட்டப் போய்ச் சொல்லிப்போட்டன்.”

“உமக்கேன் தேவையில்லாத வேலை? ஒரு பழைய படத்துக்காக என்ரை மரியாதையைக் கெடுத்துப்போட்டீர்.”

“என்ரை மரியாதை?”

அவர் கண்ணாடி வெட்டும் மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவேயில்லை. அந்த மாதக் கடைசியில் நான் வேலையை விட்டேன். கோயிலில் காணும்போது இன்றும் அவர் சுகம் விசாரிக்கிறார். நான் பேசுவதில்லை.