கோபத்தில் முறிந்த போல்ட்

குருக்கள்மடத்துப் பிரதான வீதியோரம் உதயரூபனுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் கராஜ் உண்டு. பெயர்ப்பலகை கிடையாது. "நேரஞ் சொல்லுற பாஸ்" என்று கேட்டால் யாரும் கையைக் காட்டிவிடுவார்கள்.

எஞ்சினைத் திறக்கும் முன்பே வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று சொல்லிவிடுவது அவருடைய வழக்கம். வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, கண்ணை மூடி, கோயிலில் மந்திரம் கேட்பவரைப் போல நின்று கேட்பார். பிறகு சொல்வார். சொன்ன நேரத்துக்குத்தான் கூலி. சாமான் வாங்கப் போனதும் தேத்தண்ணி குடித்ததும் கணக்கில் வராது. கணிப்புப் பிழைத்து வேலை இழுபட்டால் அது அவருடைய நட்டம். "கடவுள் தந்த நேரத்தக் களவெடுத்து விக்கக் கூடா" என்பார். அந்தச் சொல்தான் அவருக்குச் சொத்து.

அந்தச் சொல்லில்தான் சுதாகரன் மண்ணள்ளிப் போட்டான்.

சுதாகரன் மீன் வியாபாரி. விடியப்புறம் வாவிக்கரையில் மீன் எடுத்து, பெட்டியில் கட்டி, பாதையில் ஏறி அக்கரையிலுள்ள படுவான்கரைக்குப் போய் விற்பவன். பாதை என்றால் உப்புத்தண்ணி வாவியைக் கடக்கிற மிதவை. ஆளும் ஏறலாம், வண்டியும் ஏற்றலாம். அவனுடைய வண்டி கடகடவென்று சத்தம் போட்டது. உதயரூபன் கண்ணை மூடிக் கேட்டார். மீன்தண்ணி ஒழுகி ஒழுகி வெளியே துருப்பிடித்த வண்டி. அதற்கும் கொஞ்சம் கூட்டியே சொன்னார்.

"இப்ப திறந்தா பின்னேரம் எடுக்கலாம்."

"அம்மாளாணைக்கும் பின்னேரந்தானே, பாஸ்? நாளைக்கு வண்டி இல்லாட்டி என்ட மீன மற்றவன் எடுத்திடுவான்."

"சொன்னாச் சொன்னதுதான்."

திறந்தால் ஒன்றும் அசையவில்லை. போல்ட்டுகள் ஈயம் ஊற்றியதுபோல் இறுகிக் கிடந்தன. பக்கக் கவரைக் கழற்றவே மத்தியானமாகிவிட்டது. உள்ளே பெயரிங்குகள் துருப்பிடித்துப்போயிருந்தன. அடியில் சாம்பல் நிறச் சேறு. அதற்குள் நூல்போல ஒரு பாசி.

உதயரூபனுக்கு நெஞ்சு கொதித்தது. மீன்தண்ணி எஞ்சினுக்குள் போகாது. பாசி மீனோடு வராது.

பின்னேரம் சுதாகரன் வந்தான். ஸ்கூட்டிக்கு ஒயில் மாற்ற வந்த தனுஷா டீச்சரும் இன்னும் இரண்டு பேரும் நின்றார்கள். எஞ்சின் இன்னும் மேசையில் கிடந்ததைக் கண்டதும் அவன் பாய்ந்தான்.

"என்னகா இது? பின்னேரம் எண்டு சொன்ன வாய்தானே இது?"

"வண்டி தண்ணிக்க விழுந்ததாடா?"

"மீன்தண்ணி."

உதயரூபன் பாசியை விரலில் தூக்கிக் காட்டினார். "இதுவும் மீன்தண்ணியா? முழுச் சுறாவையும் சோத்துக்குள்ள மறைக்கப் பாக்கிறாய்."

"உங்கட கை பிந்தினதுக்கு என்ட வண்டியில பழி போடாதங்க. நேரத்த இழுத்து, வண்டி பிழை எண்டு சொன்னாத்தானே கூலியும் கூடும்! சாமிக்குக் கற்பூரம், ஆக்களுக்கு நாமம்."

நின்றவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான்.

அந்தச் சிரிப்புத்தான் உதயரூபனைச் சுட்டது. இத்தனை வருசம் ஒரு நிமிசத்தையும் களவெடுத்து விற்காத மனுசன். அம்மாளே, பொறுமை தா என்று மனம் கேட்டது. கை கேட்கவில்லை. போல்ட் கழற்றுகிற சாவியை எடுத்து அவன் நெஞ்சுக்கு நேரே நீட்டினார்.

"இந்தா. ஹெட்டில ஒரு போல்ட் மிச்சம். ஒயில் விட்டுச் சூடு காட்டி ஊற வைச்சிருக்கன். நான் இழுக்கிறன் எண்டா நீ கழத்திக் காட்டு."

"ஏன், ஏலாதா?"

சுதாகரன் சாவியில் இரும்புக் குழாயைக் கோத்தான். மீன்பெட்டி தூக்கிய தோள். ஒரே இழுவை.

டக்.

போல்ட்டின் தலை உருண்டு டீச்சரின் காலடியில் போய் நின்றது. உடம்பு உள்ளேயே மாட்டிக்கொண்டது. இனி அதைத் துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும். ஒருவரும் சிரிக்கவில்லை.

"பாதையில ஏத்தக்குள்ள வழுக்கி வாவிக்க விழுந்திட்டு" என்றான் சுதாகரன் மெல்ல. "போன மாசம். கிணத்துத் தண்ணியால கழுவி, ஒயில மாத்தி, மூடிட்டன். சொன்னாக் கூட நேரஞ் சொல்லுவீங்க எண்டு பயம், அண்ண."

பாஸ் இப்போது அண்ணனாகிவிட்டார். உதயரூபனின் கோபம் அதற்கெல்லாம் இறங்கவில்லை.

"அண்டைக்கே கொண்டந்தா ஒயில் ஊத்திக் கழுவி அரைநாளில தந்திருப்பன். உப்பு உன்ட மறைச்சலையும் சேத்துத்தாண்டா திண்டிருக்கு. பெயரிங் மாத்திற நேரத்துக்குக் கூலி நீ தருவாய். ஒரு சதமும் விடமாட்டன்."

சுதாகரன் தலையாட்டினான். முறிந்த தலையைக் குனிந்து எடுத்து மேசையில் வைத்தான். "இதுக்கும் நான்தான்..."

"அதுக்கில்ல!" உதயரூபன் கத்தியே சொன்னார். "ஊறினது காணாது, இழுத்தா முறியும் எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் கோவத்தில சாவியத் தந்தன். அதத் துளைபோட்டு எடுக்கிற நேரம் என்ட தலையில."

சொல்லச் சொல்ல, அவன்மேலிருந்த கோபத்தில் பாதி தன்மேலேயே திரும்பியது. அது இன்னும் சூடாக இருந்தது.

சுதாகரன் வெறும் மீன்பெட்டியைத் தோளில் எடுத்தான். நாளைக்கு அவன் மீனை வேறொருவன் எடுப்பான்.

"அப்ப வண்டிக்கு எப்ப வர, அண்ண?"

உதயரூபன் துளைக்கருவியைத் தேடிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"நேரஞ் சொல்லமாட்டன். போ."