ட்ரைபாடா, மைக்கா

இத்தாலியில், வுச்சீரியா என்கிற சந்தைக்குள் ஒரு பழைய கேமரா கடையில் நிற்கிறேன். என் முதல் ஆவணப்படத்துக்கு ஹை-8 வீடியோ கேமரா எடுத்தாயிற்று. தோள்பையில் இன்னும் ஒன்றுக்குத்தான் இடம். ட்ரைபாடா, அல்லது கசெட் ரெக்கார்டரும் மைக்குமா? எனக்கு ட்ரைபாட் மேல்தான் கண். ஆடுகிற படத்தை எவன் பார்ப்பான்? கேமராவில் இருக்கும் மைக் தன் மோட்டார் இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கும், பிடிக்கட்டும்.

எனக்காக இத்தாலியனில் பேரம் பேசுகிறவர் ஜெசிந்தா. யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே ஒரு வீட்டில் வேலை. வியாழன் பிற்பகல் அவருக்கு ஓய்வு. நான் எடுக்கப்போவதே அவரைப் பற்றிய படம்தான்.

"முடிந்ததும் உங்கள் வீட்டுக்கும் ஒரு பிரதி அனுப்பலாம்," என்கிறேன்.

"அங்கை சண்டையால கரண்ட் இல்லை. படம் பாக்கேலாது. குரல் எண்டால் கேப்பினம். தம்பி சைக்கிளைக் கவிட்டு வச்சு, கையால பெடலைச் சுத்துவான். டைனமோவில கசெட் ஓடும். அவன் களைச்சால் என்ர குரலும் இழுபடும்."

கடைக்காரர் ஹெட்போனை ஜெசிந்தாவின் தலையில் மாட்டி, மைக்கைக் கையில் கொடுக்கிறார். வெளியே மீன்காரர்கள் கூவுகிறார்கள். ரெக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிகிறது. ஜெசிந்தா கண்ணை மூடிக்கொள்கிறார். நான் பிடித்திருந்த ட்ரைபாடைச் சுவரோரம் சாத்திவைக்கிறேன்.

"தம்பி," என்கிறார் மைக்கிடம். "கை நொந்தால் நிப்பாட்டு. ஆறிப்போட்டுச் சுத்து. அக்கா இதுக்குள்ளதான் நிக்கிறன்."