நல்ல நேரத்தில் போட்ட கையெழுத்து

உத்திரமேரூர் பக்கத்தில் இருந்த விதை நெல் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தபோது, ஒரு கத்தைக் காகிதத்தைக் கொடுத்து, வீட்டில் படித்துப் பார்த்து மறுநாள் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவரச் சொன்னார்கள். எல்லாம் ஆங்கிலம். விவசாயப் படிப்பு படித்த எனக்கே இரண்டாம் பக்கத்தில் கண்ணைக் கட்டியது. சம்பளம் எழுதியிருந்த இடத்தைப் பார்த்தேன், மூடிவைத்தேன்.

எங்கள் வீட்டில் அந்தக் காகிதத்தைப் படிக்காமல் விட்டார்களே தவிர, அதற்குச் செய்யவேண்டிய மற்றதையெல்லாம் செய்தார்கள். பத்திரமோ கல்யாணப் பத்திரிகையோ, நாலு மூலையிலும் மஞ்சள் தடவாமல் எங்கள் வாசலைத் தாண்டாது. அம்மா தடவி, அம்மன் படத்தின் முன்னால் வைத்தாள். அப்பா காலண்டர் தாளைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு, "ராவுகாலம் போவட்டும், அவசரம் இன்னா?" என்று என்னை உட்காரவைத்தார். ராகுகாலம் போனது. கிழக்குப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

கம்பெனியில் அதை வாங்கிய பெண் மஞ்சளைப் பார்த்துச் சிரித்தாள். "சும்மா ஃபார்மாலிட்டிதான் மேடம்" என்றாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் பார்த்தது முளைப்புச் சோதனை. எந்த மூட்டை நெல் முளைக்கும், எது முளைக்காது என்று பார்த்துச் சொல்லும் வேலை. எனக்கு அது பிடித்திருந்தது. சில வருடம் கழித்துக் கம்பெனி இங்கே கடையைக் கட்டிக்கொண்டு, ஹைதராபாத் வரச் சொன்னது. முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். செங்கல்பட்டு போகும் வழியில் இன்னொரு விதைக் கம்பெனியில் அதே வேலைக்குக் கூப்பிட்டார்கள். காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீடு. இதைவிட என்ன வேண்டும்?

சேருவதற்குள் பழைய கம்பெனியின் வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது, எனக்கு ஒன்று, புதுக் கம்பெனிக்கு ஒன்று. இரண்டு வருடத்துக்கு வேறு எந்த விதைக் கம்பெனியிலும் சேரமாட்டேன், சோதனை முறையை வெளியே சொல்லமாட்டேன் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேனாம். அதன் நகலும் கூடவே இருந்தது. அம்மா தடவிய மஞ்சள் நாலு மூலையிலும் கறுப்பாக விழுந்திருந்தது.

"நாத்து வுடறதுக்கு முன்னாடி நான் ஈரச் சாக்குல கட்டி முளை பாக்கறனே, அதுவும் அவன் ரகசியமா?" என்றார் அப்பா. ஊரே செய்கிற வேலைதான். கம்பெனியில் சாக்குக்குப் பதில் காகிதம், அவ்வளவுதான் வித்தியாசம்.

உத்திரமேரூர் வக்கீல் ஒருவர் படித்துவிட்டு, "வேலைய வுட்டப்புறம் இப்பிடித் தடுக்கறது சட்டப்படி செல்லாதும்மா. தைரியமா போய்ச் சேரு" என்றார். எனக்கு உயிர் வந்தது. நேரே புதுக் கம்பெனி மேனேஜரிடம் போய்ச் சொன்னேன்.

"செல்லாதுன்னு எங்களுக்கும் தெரியும்மா" என்றார் அவர், மரியாதையாகத்தான். "ஆனா அத கோர்ட்ல போய் நாங்க சொல்லிக்கினு நிக்கணும். எதுக்கு பேஜாரு? வேற ஆள் கெடைக்காமலா போவாங்க?"

கிடைத்தார்கள். அடுத்த வாரமே.

செல்லாத காகிதம்தான். கோர்ட்டுக்குப் போகாமலே, யாரும் தீர்ப்புச் சொல்லாமலே, என் வேலையைத் தின்றுவிட்டது. நான் இப்போது காஞ்சிபுரத்தில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறேன். நெல்லைத் தொட்டு நாளாகிறது. இரண்டு வருடம் கழித்து, கைப்பழக்கம் விட்டுப்போனவளை யார் கூப்பிடப்போகிறார்கள்?

அன்று மேனேஜரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது அப்பா அந்த நகலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றுதான் புரியவில்லை.

"நல்ல நேரம் பாத்துதானேம்மா போட்டோம்?"

"ஆமாம்பா" என்றேன். "அவங்களுக்கு நல்ல நேரம்."