கரை வெட்டாத பாத்தி

ரங்கூனில் அலோன் துறைமுகக் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த மிஷன் பள்ளியில் எனக்கு இரண்டு வேலை. காலையில் வாத்தியார்; மற்ற நேரமெல்லாம் மிஸ்ஸியம்மாவுக்கு நாக்கு. பள்ளியை நடத்த அமெரிக்காவிலிருந்து புதிதாக வந்த அவருக்குத் தமிழும் தெரியாது, பர்மியும் தெரியாது. அவர் பேச்சைத் தமிழில் சொல்லிச் சொல்லி எனக்கும் துரைத்தனம் ஏறிவிட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நாலு வார்த்தை இங்கிலீஷ் தெரிந்த தமிழனுக்கு அது சுலபமாக ஏறும்.

ஒரு நாள் சாயங்காலம் அவர் விளக்கு வெளிச்சத்தில் சுவரில் விழும் படம் காட்டினார். அவர் தேசத்துப் பாலைவனத்தில் புவெப்லோ என்ற பழங்குடிகள் மழையை நம்பாமல் மக்காச்சோளம் விளைத்தார்களாம். சின்னச் சின்னச் சதுரப் பள்ளங்கள். நாலு பக்கமும் களிமண் கரை. குடத்தில் சுமந்து ஊற்றிய தண்ணீர் ஒரு சொட்டும் வெளியே போகாது. ஈரம் அடியில் இருக்கும் என்பதால் குச்சியால் சாண் ஆழத்துக்கும் கீழே குத்தி, ஒரே குழியில் பத்துப் பன்னிரண்டு விதை போடுவார்கள். மண் காயாமல் மேலே கூழாங்கல் பரப்புவார்கள். கெட்டிக்கார ஜனங்கள், சந்தேகமே இல்லை.

ரங்கூன் கோடையில் எங்கள் கிணறும் வற்றிக் கிடந்தது. அதே மாதிரி பாத்தி போடச் சொன்னார் மிஸ்ஸியம்மா. போட்டவர் தோட்டக்காரர், ராமநாதபுரத்தில் வெள்ளாமை பார்த்த சம்சாரி. பள்ளிக்குப் பின்னால் தகர அறையில் நாலு மாதக் கர்ப்பிணி மனைவியோடு இருந்தார். மாசியில் நட்டது சித்திரையில் ஆளுயரம் நின்று கதிர் பிடித்தது. மிஸ்ஸியம்மா பூரித்துப்போனார். படம் பிடித்து ஊருக்கு அனுப்பப் போவதாகவும், நான் பக்கத்தில் நிற்கலாம் என்றும் சொன்னார். அதுவரை கரையை யாரும் தொடக்கூடாது என்றார்.

தோட்டக்காரர் என்னிடம் வந்தார்.

"வாத்தியாரே, இது மழையில்லாத சீமைக்குப் போட்ட பாத்தி. இங்க மழ எறங்குனா தொட்டியாயிரும், வேரு அழுகிரும். இப்பவே கரைய வெட்டி விட்டுர்றேன். அம்மாட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க."

நான் கேட்கவில்லை. மறந்துபோகவும் இல்லை. ஒரு தோட்டக்காரன் சொன்ன குறையை என் வாயால் சொல்லி அந்தப் பூரிப்பைக் கெடுப்பானேன் என்று இருந்தேன். அம்மா வேண்டாமென்று சொன்னதாக அவரிடம் சொன்னேன்.

வைகாசி பிறந்ததும் மழை இறங்கியது. முதல் நாளே தோட்டக்காரர் மண்வெட்டியோடு ஓடினார். நாளைக்குப் படம் பிடிக்கிறார்கள் என்று நான்தான் தடுத்தேன். மழை நான்கு நாள் விடவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். சோளம் முழுவதும் மஞ்சளித்துச் சாய்ந்தது.

மிஸ்ஸியம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டார். முகம் சிவந்திருந்தது.

"இந்த ஊர் மழை இவனுக்குத் தெரியுமே. முன்கூட்டியே ஏதாவது சொன்னானா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"ஒன்றும் சொல்லவில்லை அம்மா," என்றேன்.

தோட்டக்காரருக்கு வேலையும் போயிற்று, அறையும் போயிற்று. ஏழு மாத வயிற்றோடு சொட்டச் சொட்ட நனைந்த மனைவியை ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டு, அவர் என்னிடம் திரும்பி வந்தார்.

"அம்மா கேட்டப்ப நீங்க நடந்ததச் சொன்னீங்கல்ல வாத்தியாரே?"

"சொன்னேன்."

"எனக்காகப் பேசுனீங்களே, அது போதும். கர்த்தர் உங்கள நல்லா வச்சிருப்பாரு," என்று கும்பிட்டார்.

நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.