முன் மேசைக்கு வந்த புத்தகம்

புத்தகம் விற்பது சுலபம். நமக்குப் பிடித்த புத்தகத்தை விற்பதுதான் தலைவலி. நண்பருக்கு ஒரு நல்ல நாவலைச் சிபாரிசு செய்துவிட்டு, "இன்னும் ஆரம்பிக்கலை" என்ற பதிலையே வருடக்கணக்கில் வாங்கிக்கொண்டிருக்கும் அன்பர்களே, என் வேதனை உங்களுக்குப் புரியும்.

டன்லப் ஸ்திரீட்டில், புடவைக் கடைக்கு மாடியில் என் கடை. செங்காங்கில் வசிக்கும் வசுமதி என்ற மருத்துவமனைத் தாதி தன் முதல் சிறுகதைத் தொகுப்பைச் சொந்தச் செலவில் அச்சிட்டு, விற்பதற்கு ஒரு கட்டு கொண்டுவந்து வைத்தார். "தீபாவளி வரைக்கும் பாருங்க அக்கா. போகலன்னா எடுத்துக்கறேன். பாதி எழுதின ரெண்டாவது புத்தகத்தையும் அதோட மூட்டை கட்டிடறேன்" என்றார். படித்துப் பார்த்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது. இப்படி எழுதுகிற பெண் மூட்டை கட்டுவதா? விற்றே தீருவது என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

வாய் செய்த வேலை

தஞ்சோங் பகாரில் ஐடி வேலை பார்க்கும் சென்னைக்காரர் ஒருவர் சமையல் புத்தகம் வாங்க வந்தார். விடுவேனா? வசுமதியின் முதல் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். வீவக அடுக்குமாடி புளோக் ஒன்றில், காரிடாரில் செருப்பு அலமாரி வைத்ததில் பக்கத்து வீட்டுக்காரர் இருவருக்குச் சண்டை. அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. அந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். என் வாய் நின்றால்தானே! ஒருவர் வீடு மாறிப் போகும்போது அதே அலமாரியைத் துடைத்து, அடுத்தவர் வாசலில் வைத்துவிட்டுப் போகிறார் என்கிற முடிவு வரைக்கும் ஒப்பித்துவிட்டேன். மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று புத்தகத்தைப் பையில் போடப் போனேன். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"சூப்பர் கதை மேடம். அதான் முழுசா சொல்லிட்டீங்களே, சமையல் புக்குக்கு மட்டும் பில் போடுங்க."

கடைசிப் பக்கம்

அடுத்து, தொடக்கநிலை ஆறு படிக்கும் மகளுக்குப் பயிற்சிப் புத்தகம் தேடி ஓர் அம்மா வந்தார். இம்முறை வாயை அடக்கிக்கொண்டேன். "கதை படிச்சாத்தான் பிள்ளைக்குத் தமிழ் ஒட்டும்" என்று மட்டும் சொல்லிப் புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். நின்றபடியே செருப்பு அலமாரிக் கதையைப் படித்தார். இரண்டு இடத்தில் சிரிக்கவும் செய்தார். பிறகு கடைசிப் பக்கத்தைப் புரட்டி எதையோ தேடினார். முகம் வாடிவிட்டது.

"நல்லாத்தான் இருக்கு லா அக்கா. ஆனா பின்னால ஆன்சர் ஒண்ணும் குடுக்கலையே?"

யார் கை

எழுத்தாளர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைக்கு வருவார்கள், நலம் விசாரிப்பார்கள், போகிறபோக்கில் தங்கள் புத்தகத்தை எடுத்து முன் மேசையில் வைத்துவிடுவார்கள். நாங்களும் பார்க்காததுபோல் இருந்துவிட்டு, அவர்கள் படியிறங்கியதும் பழைய இடத்தில் வைப்போம். தீபாவளி மலர்கள் வந்து முன் மேசையைப் பிடித்துக்கொண்டதும், வசுமதியின் புத்தகம் உள் அலமாரிக்குப் போயிற்று. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் அது மலர்களின் தலைமேல் வந்து உட்கார்ந்திருக்கும். இத்தனை கூச்சக்காரிக்கு இவ்வளவு துணிச்சலா என்று எனக்குச் சந்தோஷம். அன்று கடை மூடும் வரை அதை மட்டும் நான் நகர்த்தவில்லை.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, சக்கரம் வைத்த காலிப் பெட்டியோடு வசுமதி வந்துவிட்டார். பெட்டி எதற்கென்று புரிந்ததும் எனக்கு வருத்தம். அதை மறைக்க, "முன் மேசையில கைவரிசை காட்டினது போதாதா, இன்னும் கொஞ்ச நாள் காட்டேன்" என்று சீண்டினேன். அவர் விழித்தார். "நான் அதைத் தொட்டதே இல்லையே அக்கா!"

அப்போதுதான் புக்கிட் பாஞ்சாங்கில் குடியிருக்கும் அங்கிள் ஒருவர், கையில் தேக்கா சந்தைக் கீரையோடு உள்ளே வந்தார். என் நச்சரிப்பு தாங்காமல் அந்தப் புத்தகத்தை வாங்கிப் போன புண்ணியவான். எங்களைக் கவனிக்காமல் உள் அலமாரிக்குப் போய், வசுமதியின் புத்தகத்தை எடுத்துவந்து முன் மேசையில் அட்டை தெரிய வைத்தார்.

"எழுதினவங்க உங்களுக்குச் சொந்தமா அங்கிள்?" என்று கேட்டேன்.

"எனக்கு யாருன்னே தெரியாது லா. எங்க பக்கத்து வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை மத்தியானம் இங்க பேப்பர் வாங்க வருவாரு. அவரு கண்ணுல படணும்."

"நேராவே குடுத்துடலாமே?"

"எப்படிக் குடுக்கறது? செருப்பு ராக் சண்டையில நாங்க பேசறதில்லையே!"

வசுமதி தலையைக் குனிந்துகொண்டார். கண்ணைத் துடைத்தாரா, சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் இரண்டும் செய்தேன். பிறகு காலிப் பெட்டியைக் காலியாகவே இழுத்துக்கொண்டு படி வரை போனவர், திரும்பினார்.

"ரெண்டாவது புத்தகத்துக்கும் அந்த உள் அலமாரியிலேயே இடம் வைங்க அக்கா, அங்கிள் பார்த்துக்குவாரு."

தொண்டை வற்றச் சிபாரிசு செய்தே பிழைப்பை ஓட்டும் எனக்கு, வாயே திறக்காமல் சிபாரிசு செய்யும் ஓர் ஆள் சம்பளமில்லாமல் கிடைத்தது இப்படித்தான்.